கோதுமையின் துரு எதிர்ப்பு மரபணுவை வரைபடத்தில் பிடிப்பது எப்படி

வேளாண் கல்லூரியில் பயிர் மரபியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மார்க்கர் சிப் (மரபணுவுக்குப் பக்கத்தில் நின்று அதன் இடத்தைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளங்களைப் படிக்கிற தட்டு) வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்றுதான். இரண்டும் கடைசியில் வருகிற விஷயங்கள். டி.என்.ஏ. வேலையை இன்று காசு கொடுத்தால் வேறொருவர் செய்து தருவார். ஒரு செடியின் கண்ணாடி இலையை (கதிருக்கு அடியில் கடைசியாக விரியும் இலை) திருப்பிப் பார்த்து, அதிலிருக்கும் நோயை "40 எம்.எஸ்." என்று நோட்டில் எழுதுகிற வேலையை உங்களுக்காக யாரும் செய்து தர மாட்டார்கள். அந்த எண் தப்பினால், எவ்வளவு விலை உயர்ந்த சிப்பானாலும் தப்பான குரோமோசோமைத்தான் காட்டும். அதனால் இங்கே வயலுக்கு அதிக இடமும் ஆய்வகத்துக்குக் குறைந்த இடமும் கொடுத்திருக்கிறேன்.

நான் நீலகிரியில், குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் கோதுமைத் துருவோடு, அதாவது இலையிலும் தண்டிலும் துருப்பிடித்தது போலக் கொப்புளம் கிளப்பும் பூஞ்சண நோயோடு, வேலை செய்கிறவள். தமிழ்நாட்டில் கோதுமை ஆராய்ச்சியா என்று பலருக்கும் ஆச்சரியம். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் 1954 முதல் இங்கே இருக்கிறது. இருப்பதற்குக் காரணம் துருதான். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சணத்தின் வித்துகள் பிழைப்பதில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுவதும் கோதுமைச் செடி பச்சையாக நிற்க முடியும். அதன் மேல் துருவும் உயிரோடு இருக்கும். மலைகள்தான் நோயின் இருப்பிடம் என்பதைப் பயிர்நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா சுதந்திரத்துக்கு முன்பே எடுத்துக்காட்டினார். பின்னாளில் எஸ். நாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும், வங்கக் கடலில் புயல் எழும் நவம்பர் வாக்கில் தண்டுத்துரு வித்துகள் இங்கிருந்து காற்றேறி மத்திய இந்தியாவில் மழையோடு இறங்குவதைக் காட்டினார்கள். துருப் பூஞ்சணத்தின் அறிவியல் பெயரை வைத்துப் பக்சினியா பாதை என்று அதைச் சொல்கிறோம். இந்த மலையில் ஒரு செடியைத் துருப்பிடிக்காமல் நிறுத்த முடிந்தால் அதன் பலன் மத்தியப் பிரதேசத்து விவசாயிக்கும் போய்ச் சேரும்.

எதற்கு வரைபடம்?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் வேலையில் இறங்காதீர்கள். கண்ணால் பார்த்தே நோயில்லாத செடியைத் தேர்ந்தெடுக்கலாமே, மரபணு இருக்கும் இடம் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. 1905இல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டல் விதிப்படி இறங்குகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் எல்லோரும் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே ஒரு பெரிய மரபணுவை நம்பி விடப்படும் ரகத்தைத் துரு உடைத்துவிடும். பஞ்சாபின் பி.பி.டபிள்யூ. 343 ரகம் வட இந்தியாவில் பல லட்சம் ஹெக்டேரில் நின்றது. அதிலிருந்த ஒய்.ஆர்.9, ஒய்.ஆர்.27 (எதிர்ப்பு மரபணுக்களின் பெயரில் ஒய்.ஆர். என்றால் மஞ்சள் துரு, எஸ்.ஆர். என்றால் தண்டுத்துரு, எல்.ஆர். என்றால் இலைத்துரு) இரண்டையும் வெல்லக்கூடிய மஞ்சள் துரு வகை வந்ததும் அது வீழ்ந்தது. உகாண்டாவில் 1998இல் கண்டெடுக்கப்பட்டு யு.ஜி.99 என்று பெயர் பெற்ற தண்டுத்துரு, உலகமே நம்பியிருந்த எஸ்.ஆர்.31ஐ உடைத்தது. ஆகவே ஒரே ரகத்தில் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்த்து வைக்க வேண்டும். சேர்த்ததும் என்ன ஆகிறது? எல்.ஆர்.24 போன்ற வலுவான மரபணு இருக்கும் செடியில் துருவே வராது. அதற்கு அடியில் எல்.ஆர்.34 இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அங்கேதான் மார்க்கர் வேண்டும். மார்க்கர் வேண்டுமானால் மரபணு இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

பெற்றோரும் க்ராஸும்

நோயில் நன்றாகச் சாய்கிற ரகம் ஒன்று, நன்றாகத் தாங்குகிற ரகம் ஒன்று வேண்டும். சாய்கிறதற்கு நம் நாட்டில் ஆக்ரா லோக்கல் போதும். மூன்று துருவும் அதில் தாராளமாக வரும். தாங்குகிற பக்கத்தில் அவசரப்படாதீர்கள். அதில் ஏற்கெனவே தெரிந்த மரபணு எதுவும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இலைத்துருவுக்கு மட்டும் எண்பதுக்கு மேல் மரபணுக்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. எல்.ஆர்.24, எல்.ஆர்.34, ரை தானியத்திலிருந்து வந்த எல்.ஆர்.26 போன்றவற்றுக்கு நம்பகமான மார்க்கர்கள் உள்ளன, பெற்றோர் டி.என்.ஏ.வில் ஒரு நாளில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஐந்து வருடம் கழித்துப் பழைய மரபணுவையே மறுபடி கண்டுபிடிப்பதைவிட அந்த ஒரு நாள் மலிவு.

கோதுமை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். தாய்ச் செடியின் மகரந்தப்பைகள் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கதிர் உறையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கிற நேரம் சரி. சிறுகதிர் ஒவ்வொன்றிலும் நடுப் பூக்களைக் கிள்ளி எறிந்து ஓரத்து இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உமியின் மேல்பகுதியைக் கத்தரித்து, ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுங்கள். மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். ஒன்று தங்கினால் அந்தக் கதிர் வீண். பட்டர் பேப்பர் உறை போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துச் சூல்முடி இறகு போல விரிந்ததும் தந்தைச் செடியின் மஞ்சள் மகரந்தத்தைத் தட்டுங்கள். எங்கள் வயலில் இந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்கிற அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கை பழகினால் எந்தப் புத்தகமும் தராத சுத்தம் வரும்.

முதல் தலைமுறைச் செடி உண்மையிலேயே கலப்புதானா என்று மார்க்கரால் சோதியுங்கள். ஜெல்லில் பெற்றோர் இருவரின் டி.என்.ஏ. பட்டையும் சேர்ந்து தெரிய வேண்டும்.

அடுத்து எந்த வகைச் சந்ததி என்று முடிவெடுக்க வேண்டும். எஃப்2 (கலப்புச் செடியைச் சுயமாக விளையவிட்டு வரும் இரண்டாம் தலைமுறை) சீக்கிரம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு செடியும் ஒரே ஒரு முறைதான் உலகத்தில் இருக்கும். மறு வருடம் இன்னொரு இடத்தில் விதைத்துப் பார்க்க முடியாது. நாற்றுப் பருவத்திலேயே தெளிவாகத் தெரியும் ஒற்றை மரபணுவுக்கு எஃப்2 செடிகளும் அவற்றின் எஃப்3 குடும்பங்களும் போதும். மெதுவாகத் துருப்பிடிக்கும் தன்மையைத் தேடுகிறீர்கள் என்றால் ஆர்.ஐ.எல். வரிசைகள் (தலைமுறை தலைமுறையாகச் சுயமாக விளைவித்துத் தூய்மையாக்கிய சந்ததி வரிசைகள்) இல்லாமல் முடியாது. எஃப்2விலிருந்து ஒவ்வொரு செடிக்கும் ஒரே ஒரு விதை எடுத்து அடுத்த தலைமுறை, அதிலும் ஒரே விதை, இப்படி எஃப்6 வரை. எஃப்6இல் ஒரு இடத்தில் கலப்பு நிலை மீந்திருக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம்தான். வெலிங்டனில் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கலாம் என்பதால் க்ராஸ் போட்டதிலிருந்து மூன்றரை வருடத்தில் எஃப்6 கைக்கு வரும்.

இந்த ஒரு விதை முறையில் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. குட்டையாக, நோஞ்சானாக, துருப்பிடித்து நிற்கிற செடியிலிருந்தும் விதை எடுக்க வேண்டும். நல்ல செடியாகப் பார்த்து எடுக்கிற பழக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் கையில் ஊறியது. வரைபடத்துக்கு அது விஷம். சாய்கிற வரிசைகள் குறைந்தால் விகிதம் கோணிவிடும், பிறகு வருகிற கணக்கு எதுவும் பொருந்தாது.

மக்காச்சோள மகரந்தத்தால் இரட்டை ஒருமடியம் செய்யும் வழியும் இருக்கிறது. கோதுமைப் பூவில் மக்காச்சோள மகரந்தம் தூவினால் கரு உருவாகும். மக்காச்சோளத்தின் குரோமோசோம்கள் தானாக உதிர்ந்துவிடும். மீந்த கருவைக் காப்பாற்றி வளர்த்துக் கால்ச்சிசின் மருந்தால் இரட்டிப்பாக்கினால் ஒரே படியில் தூய வரிசை. திசு வளர்ப்பு வசதி உள்ள இடத்தில் நேரம் மிச்சம்.

எத்தனை வரிசை? ஒற்றைப் பெரிய மரபணுவுக்கு 120 சமாளிக்கும். சிறிய விளைவுள்ள பலவற்றைத் தேடினால் 180, 200 வேண்டும்.

துருவைக் கிளப்புவதும் எண்ணுவதும்

மூன்று துருவையும் பிரித்தறியக் கண்ணோடு விரலும் வேண்டும். இலைத்துரு ஆரஞ்சு கலந்த பழுப்பு, வட்டமான சிறு கொப்புளங்கள், இலையின் மேல்பக்கத்தில் சிதறிக் கிடக்கும். மஞ்சள் துரு இலை நரம்போடு கோடு கோடாக ஓடும், குளிர் அதற்குப் பிடிக்கும், 10 முதல் 15 டிகிரியில் நன்றாக வரும். தண்டுத்துரு செங்கல் நிறம், நீளமான கொப்புளம், தோலைக் கிழித்துக்கொண்டு வரும். தண்டின் மேல் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தெரியும். அது மற்ற இரண்டையும்விட வெப்பத்தை விரும்பும்.

நாற்றுச் சோதனையை வயலோடு குழப்பாதீர்கள். நாற்றில் ஒரே தூய துரு வகையைத் தூவ வேண்டும். சிம்லா ஃபிளவர்டேலில் இருக்கும் கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம்தான் நம் நாட்டின் துரு வகைகளைப் பிரித்துப் பாதுகாக்கிற இடம், மேத்தா தொடங்கியது. அங்கிருந்து முறைப்படி பெறுங்கள். இலைத்துருவில் 77-5, தண்டுத்துருவில் 40ஏ போன்ற எண்களால் அவற்றை அழைக்கிறோம். எந்த வகையால் சோதித்தீர்கள் என்று எழுதாத முடிவுக்கு மதிப்பில்லை. ஆளிவிதைத் துருவை வைத்து எச்.எச். ஃபுளோர் காட்டியது இதைத்தான்: செடியில் ஒரு எதிர்ப்பு மரபணுவுக்கு எதிரே பூஞ்சணத்தில் அதற்குரிய மரபணு ஒன்று. ஒரு வகைக்குத் தாங்குகிற செடி அடுத்த வகைக்குச் சாயும்.

முதல் இலை முழுதாக விரிந்த, ஏழெட்டு நாள் நாற்று. வித்துகளைத் தெளித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஈரம் குறையாத இருட்டு அறையில் வையுங்கள். இலையில் நீர்ப்படலம் இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே போகும். பிறகு 20 டிகிரி சுற்றுவட்டத்தில் வளரவிட்டு, 12 முதல் 14 நாளில் படியுங்கள். 0 என்றால் எதுவும் இல்லை. அரைப்புள்ளிக் குறி என்றால் சிறு வெளிர் புள்ளி, கொப்புளம் இல்லை. 1, 2 என்றால் சிறு கொப்புளமும் சுற்றிலும் வெளிறலும் இருக்கும். 3, 4 என்றால் நன்கு வளர்ந்த கொப்புளம். 0 முதல் 2 வரை தாங்குவது, 3ம் 4ம் சாய்வது. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பெற்றோரும் ஆக்ரா லோக்கலும் நிற்க வேண்டும். ஆக்ரா லோக்கலில் 4 வரவில்லை என்றால் அந்தத் தட்டின் எல்லா எண்களையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். வெப்பமோ ஈரமோ எங்கோ தவறியிருக்கிறது.

எஃப்3 குடும்பத்தைச் சோதிக்கும்போது எத்தனை நாற்று வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கலப்புக் குடும்பத்தில் சாய்கிற நாற்று நாலில் ஒன்று. 16 நாற்று வைத்தால் அந்த ஒன்றைக்கூடப் பார்க்காமல் தவறவிடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. 20 வைத்தால் இன்னும் நிம்மதி.

வயலுக்கு வருவோம். வரிசைக்கு ஒரு மீட்டர், இடைவெளி 25 சென்டிமீட்டர். ஒவ்வொரு இருபது வரிசைக்கும் ஒரு முறை ஆக்ரா லோக்கல், அதையே சுற்றிலும் வேலியாகவும் விதையுங்கள்; துரு பரவ அதுதான் வழி. வித்துகளைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு ட்வீன்-20 (வித்துகள் தண்ணீரில் கலந்து இலையில் ஒட்ட உதவும் சோப்பு போன்ற திரவம்) விட்டு, மாலையில் பனி இறங்கும் முன் தெளியுங்கள். வேலிச் செடிகள் தொண்டைக் கதிராக (கதிர் இன்னும் உறைக்குள்) இருக்கும்போது ஊசியால் தண்டுக்குள் ஏற்றுவதும் உண்டு. நீலகிரி மூடுபனி மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்த வயலிலிருந்து வெளியே போகும்போது சட்டை, செருப்பு, நோட்டுப் புத்தகம் எல்லாம் வித்து சுமக்கும் என்பதை மறக்காதீர்கள். துரு இலையை மாதிரிக்கென்று பையில் போட்டுக்கொண்டு சமவெளியின் கோதுமைப் பகுதிக்குப் போவது ஒருபோதும் கூடாது.

எண்ணுவதற்குத் திருத்தப்பட்ட காப் அளவுகோல். கண்ணாடி இலையில் எத்தனை சதவீதம் என்பது ஒரு பாதி, கொப்புளத்தின் தன்மை மறு பாதி. இதில் 100 என்று எழுதும்போது இலைப்பரப்பில் உண்மையில் 37 சதவீதம்தான் கொப்புளம் மூடியிருக்கும். அளவுகோல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழகாதவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் குறைத்தே எழுதுவார்கள். தன்மைக்கு ஆர். (தாங்குவது), எம்.ஆர். (ஓரளவு தாங்குவது), எம்.எஸ். (ஓரளவு சாய்வது), எஸ். (சாய்வது) என நான்கு குறிகள். கணக்குக்கு அவற்றை 0.2, 0.4, 0.8, 1.0 என்று பெருக்குவோம். 40 எம்.எஸ். என்றால் 32.

ஆக்ரா லோக்கல் 60 எஸ். தொட்டதும் முதல் எண்ணிக்கை. அதிலிருந்து ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று முறையாவது எடுங்கள். எல்.ஆர்.34 போன்றவை துருவை நிறுத்தாது, தாமதப்படுத்தும். கடைசி நாள் எண்ணில் 30, 40 வித்தியாசம் தெரியாமல் போகலாம், நடுவில் துரு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதில்தான் தெரியும். மூன்று எண்களையும் நாளுக்கு எதிரே கோடு போட்டு அதன் கீழ்ப் பரப்பைக் கணக்கிடுவது இதற்காகத்தான். ஒரே ஆள் ஒரே நாளில் முழு வயலையும் எண்ணி முடிப்பது நல்லது. இரண்டு பேர் என்றால் பாதிப் பாதி வயலாகப் பிரிக்காமல், ஆளுக்கு ஒரு முழு மறுவிதைப்பு (எல்லா வரிசைகளையும் இன்னொரு முறை விதைத்த பகுதி) எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு பத்தி நோட்டில் இருக்க வேண்டும்: கதிர் வந்த நாள், செடியின் உயரம். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாமதமாகக் கதிர் விடுகிற வரிசையின் கண்ணாடி இலைக்குத் துரு தாமதமாகத்தான் வரும். எதிர்ப்பு இருக்கிற மாதிரியே தோன்றும். கணினி 2டி குரோமோசோமில் அழகான சிகரம் ஒன்றைக் காட்டும். அங்கே இருப்பது பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் பி.பி.டி.-டி1 மரபணுவாக இருக்கலாம். உயரத்துக்கும் இதே கதை, 4பி, 4டி குரோமோசோம்களில் குட்டை மரபணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கதிர் வந்த தேதி கையில் இருந்தால் இதை ஒரு மாலையில் பிரித்துவிடலாம். இல்லையென்றால் இன்னொரு போகம் விதைக்க வேண்டும்.

எல்.ஆர்.34, எல்.ஆர்.46, எல்.ஆர்.67 இருக்கும் செடிகளில் இலை நுனி கருகும். தண்டுத்துரு எதிர்ப்பான எஸ்.ஆர்.2 இருந்தால் உமியில் கரும்பழுப்பு படியும். இவற்றையும் குறித்து வையுங்கள். பின்னால் நல்ல துப்பாக இருக்கும்.

விகிதம்

மார்க்கரைத் தொடும் முன் எண்ணிக்கையை வைத்து எத்தனை மரபணு என்று பாருங்கள். 180 ஆர்.ஐ.எல். வரிசைகளில் 96 தாங்கி 84 சாய்ந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை மரபணு என்றால் 90:90 வர வேண்டும். கைவர்க்கம் (எதிர்பார்த்ததிலிருந்து எண்ணிக்கை எவ்வளவு விலகியது என்ற கணக்கு) 0.8. எல்லை 3.84, ஒற்றை மரபணுவுக்குப் பொருந்துகிறது. இதுவே 131:49 என்றால் 1:1க்கு எதிரான கைவர்க்கம் 37க்கு மேல் போய்விடும். 3:1ஐ வைத்துப் பார்த்தால் 0.47தான். அதாவது தனித்தனியான இரண்டு மரபணுக்கள், எது இருந்தாலும் செடி தாங்கும். இந்த நிலையில் ஒற்றை மரபணு என்று நினைத்து வரைபடம் போட்டால் எந்தக் குரோமோசோமிலும் ஒட்டாமல் அலையும்.

ஆய்வகம்

கோதுமையில் ஏன் இது கடினம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரொட்டிக் கோதுமைக்கு 21 ஜோடி குரோமோசோம்கள், ஏ, பி, டி என்று மூன்று காட்டுப்புல் முன்னோர்களிடமிருந்து வந்த மூன்று தொகுதிகள். மொத்த மரபணுத் தொகுதி நெல்லைப் போல நாற்பது மடங்கு பெரியது. அதில் 85 சதவீதம் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். சைனீஸ் ஸ்பிரிங் ரகத்தை வைத்து அதன் முழு வரிசையைப் பன்னாட்டுக் குழு 2018இல்தான் வெளியிட முடிந்தது. ஒரு மார்க்கரைப் போட்டால் ஏ, பி, டி மூன்றிலும் ஒத்த பிரதிகள் சேர்ந்து பெருகிக் குழப்பும். ஒரு தொகுதிக்கு மட்டுமே உரிய பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) தேடுவதில்தான் நேரம் போகும்.

இளம் இலையில் டி.என்.ஏ. எடுங்கள். சி.டி.ஏ.பி. முறை போதும், 65 டிகிரியில் சூடாக்கும்போது குழாயை இடையிடையே கவிழ்த்துக் கலக்குங்கள். டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 அருகே வர வேண்டும். குழாயின் மேலேயும் பக்கவாட்டிலும் இரண்டு இடத்தில் வரிசை எண்ணை எழுதுங்கள்.

பணம் குறைவு, மரபணு ஒன்றுதான் என்றால் 1991இல் மிக்கல்மோரும் உடனிருந்தவர்களும் லெட்டூஸ் கீரையில் காட்டிய தொகுப்பு முறையைச் செய்யுங்கள். சந்தேகமே இல்லாமல் தாங்குகிற பத்து வரிசைகளின் டி.என்.ஏ.வைச் சம அளவில் ஒரு குழாயில், சந்தேகமே இல்லாமல் சாய்கிற பத்தை இன்னொரு குழாயில். பெற்றோரிடையே வித்தியாசம் காட்டிய மார்க்கர்களை இந்த இரண்டு குழாயிலும் ஓட்டுங்கள். மரபணுவுக்குப் பக்கத்தில் இல்லாத மார்க்கர் தற்செயலாக இரண்டு குழாயையும் சுத்தமாகப் பிரிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபனில் உருவான எக்ஸ்.ஜி.டபிள்யூ.எம். என்ற எஸ்.எஸ்.ஆர். (திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் நீள வேறுபாட்டைக் காட்டும்) மார்க்கர்கள் 21 குரோமோசோமிலும் இருக்கின்றன. குரோமோசோமுக்குச் சிலவாகத் தொடங்கலாம். பிரிக்கிற மார்க்கர் கிடைத்ததும் அதன் அக்கம்பக்கத்து மார்க்கர்களை மொத்தச் சந்ததியிலும் ஓட்டுங்கள்.

பணம் இருந்தால் 35 ஆயிரம் எஸ்.என்.பி. (டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து வேறுபாடு) கொண்ட ஆக்சியம் சிப் முழு வரைபடத்தையும் ஒரே தடவையில் தரும். டி தொகுதியில் மட்டும் எச்சரிக்கை. கோதுமையின் டி குரோமோசோம்களில் இயல்பாகவே வேறுபாடு குறைவு, அங்கே மார்க்கர் இடைவெளிகள் பெரிதாக இருக்கும். எல்.ஆர்.34 7டியிலும் எல்.ஆர்.67 4டியிலும் இருக்கின்றன என்பதால் அந்த இடைவெளியை எஸ்.எஸ்.ஆர். கொண்டு நிரப்பப் பாருங்கள்.

தூரம் கணக்கிடுதல்

மென்பொருளில் சந்ததி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஆர்.ஐ.எல்.லில் பல தலைமுறைகளின் குரோமோசோம் துண்டுப் பரிமாற்றங்கள் சேர்ந்திருக்கும். 180 வரிசையில் மார்க்கரும் நோயும் ஒத்துப்போகாதவை 9 என்றால் விகிதம் 0.05. ஆனால் தூரம் 5 சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தின் தூர அலகு) ஆகாது. ஹால்டேன், வாடிங்டன் சூத்திரப்படி 0.05ஐ 1.9ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 2.6. விகிதத்தைத் தூரமாக மாற்றக் கோசம்பி சூத்திரம், பிணைப்பை ஏற்க எல்.ஓ.டி. 3 என்று தொடங்குவது வழக்கம். எல்.ஓ.டி. 3 என்றால் பிணைப்பு இல்லை என்பதைவிட இருக்கிறது என்பதற்கு ஆயிரம் மடங்கு ஆதரவு.

ஒத்துப்போகாத அந்த 9 வரிசைகள்தான் உங்கள் சொத்து. அவற்றை மட்டும் தனியாக எடுத்து மறுபடி துரு தூவிப் பாருங்கள். இரண்டு வரிசையில் நோய் எண் மாறினாலே தூரம் மாறிவிடும். மார்க்கர் இருபுறமும் ஒத்திருக்க நடுவில் நோய் மட்டும் மாறியிருக்கும் வரிசை இருந்தால் பெரும்பாலும் எண்ணியதில்தான் கோளாறு.

மெதுவாகத் துருப்பிடிக்கும் தன்மைக்கு ஐ.சி.ஐ. மேப்பிங் அல்லது ஆர்/கியூ.டி.எல். போன்ற மென்பொருள்களில் கீழ்ப் பரப்பு எண்களைக் கொடுங்கள். நோய் எண்களை வரிசைகளுக்கிடையே ஆயிரம் முறை கலைத்துப் பார்த்து எல்லையை நிர்ணயியுங்கள். ஒரே வருடத்தில் மட்டும் தெரியும் சிகரத்தை நான் நம்புவதில்லை. இரண்டு போகம், முடிந்தால் இரண்டு இடம். இரண்டிலும் அதே இடத்தில் வர வேண்டும்.

வேற்றுப் புல்லிலிருந்து வந்த துண்டுகளில் ஏமாறாதீர்கள். எல்.ஆர்.24ம் எஸ்.ஆர்.24ம் தினோபைரம் என்ற புல்லிலிருந்து 3டி குரோமோசோமுக்கு ஒன்றாக வந்தவை. 5பி குரோமோசோமில் இருக்கும் பி.எச்.1 மரபணு, அயல் துண்டு கோதுமையோடு இணைந்து பரிமாறிக்கொள்வதைத் தடுத்துவிடும். அதனால் அந்தத் துண்டில் எந்த மார்க்கரை ஓட்டினாலும் தூரம் பூஜ்யம் என்று வரும். மரபணுவையே தொட்டுவிட்டோம் என்று பொருள் இல்லை. துண்டு முழுவதும் ஒரே கட்டாக நகர்கிறது, அவ்வளவுதான். ஏஜென்ட் ரகத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்தபோது சிவப்புத் தானிய நிறமும் கூடவே ஒட்டி வந்தது. சப்பாத்திக்கு வெளிர்மஞ்சள் கோதுமை கேட்கிற நாட்டில் அது செல்லாது. சிவப்பு நீங்கிய மூலத்தை எடுத்து, பல முறை பின்கலப்பு செய்த (நல்ல ரகத்தோடு மறுபடி மறுபடி கலந்த) பிறகே இங்கே பயன்பட்டது.

கையில் கொடுப்பது

உங்கள் மார்க்கரைப் பெற்றோர் இருவரோடு நிறுத்தாமல், இருபது முப்பது ரகங்களில் ஓட்டிப் பாருங்கள். மரபணு இல்லாத ரகங்களிலும் எதிர்ப்புப் பட்டை வந்தால் அந்த மார்க்கர் உங்கள் க்ராஸுக்கு மட்டும்தான் உதவும். எல்.ஆர்.34க்கான சி.எஸ்.எல்.வி.34 நல்ல முன்மாதிரி: மரபணு இருந்தால் 150, இல்லையென்றால் 229 டி.என்.ஏ. எழுத்து நீளத்தில் பட்டை, கலப்பு நிலையில் இரண்டும் தெரியும், சாதாரண அகரோஸ் ஜெல்லில் எந்தச் சிறிய நிலையமும் படிக்கலாம். அந்த மரபணுவையே 2009இல் பிரித்தெடுத்து, அது ஏ.பி.சி. கடத்திப் புரதம் என்று கண்டார்கள். சைனீஸ் ஸ்பிரிங்கில் அது இருக்கிறது, ஒப்பீட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

பயிர்ப்பெருக்கம் செய்பவருக்கு மார்க்கர் பெயரை மட்டும் கொடுத்தால் போதாது. எத்தனை செடி சோதிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். வலுவான மரபணு ஒன்று, மெதுவானது ஒன்று என்று இரண்டைச் சேர்க்கும்போது, ஒவ்வொரு பின்கலப்பிலும் இரண்டும் உள்ள செடி நாலில் ஒன்று. இரண்டாவது பின்கலப்பு முடிந்ததும் நல்ல ரகத்தின் பங்கு சராசரியாக 87.5 சதவீதம் திரும்பியிருக்கும். அதைச் சுயமாக விளையவிட்டால் இரண்டும் தூய நிலையில் உள்ள செடி பதினாறில் ஒன்று. ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்று 95 சதவீத உறுதி வேண்டுமானால் 47 செடி, 99 வேண்டுமானால் 72. மார்க்கரில் தேறிய அந்தச் செடிகளின் விதையை அடுத்த போகத்தில் ஆக்ரா லோக்கலுக்குப் பக்கத்து வரிசையில் விதைத்து, அளவுகோல் படத்தோடு மறுபடி எண்ணுங்கள். பொட்டலத்தின் மேல் க்ராஸ், தலைமுறை, இரண்டு மார்க்கரின் முடிவு, சோதித்த துரு வகையின் எண், வயலில் எண்ணிய மூன்று எண்கள் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும்.